கரை நடத்திய கடற்போர்: சுஃப்ரெனும் கடலூர்த் துறையும்

(முதுநகரில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம். பேச்சில் வந்த கிளைச் செய்திகள் சில குறைக்கப்பட்டுள்ளன.)



போர்க்காலக் கடற்படைத் தளபதி ஒருவருடைய வாழ்வைப் பற்றிப் பேச வேண்டும் என்று இந்த அறக்கட்டளையார் கேட்டுக்கொண்டார்கள். இப்படிக் கேட்டால் பலர் நாவிலும் முதலில் வருவது நெல்சன் பெயர். நான் அவரைத் தேடிப் போகவில்லை. நம் துறைமுகத்துக்கு நேர் கிழக்கே, நம் மீனவர்கள் நாள்தோறும் வலை வீசும் கடலில், தன் கடைசிப் போரை நடத்திய ஒருவர் இருக்கிறார். பியேர் ஆந்திரே தெ சுஃப்ரென் என்பது அவர் பெயர். பிரெஞ்சுக் கடற்படை தன் கப்பல்களுக்குத் திரும்பத் திரும்ப அவர் பெயரைச் சூட்டுகிறது. 2020இல் படையில் சேர்ந்த அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலும் சுஃப்ரென்தான். அமெரிக்க அறிஞர் ஆல்ஃபிரட் மஹான் 1890இல் வெளியிட்ட கடலாட்சி பற்றிய பெருநூலில், இந்தியக் கடலில் அவர் நடத்திய போர்களுக்காக நீண்டதோர் இயலை ஒதுக்கினார். புதுச்சேரியில் அவர் பெயரில் ஒரு வீதி உண்டு. கடலூரில் அவரை நினைப்பவர் அரிது.

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னை மீது குண்டு வீசிவிட்டுப் போனது. அந்த ஓர் இரவு தமிழ்ப் பேச்சில் நிலைத்துவிட்டது. சுஃப்ரென் இந்தக் கடற்கரையோடு ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகப் பிணைந்திருந்தார். சதுரங்கப்பட்டினத்திலிருந்து திருகோணமலை வரை ஐந்து பெரும் போர்கள் நடந்தன. அவற்றை நாம் மறந்ததற்கு ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். அவை இரண்டு ஐரோப்பிய நாடுகளுக்கு இடையே, கண்ணுக்கு எட்டாத தூரத்தில், தண்ணீரின் மேல் நடந்த சண்டைகள் என்றே நமக்குச் சொல்லப்பட்டன.

இன்று நான் முன்வைக்க விரும்பும் கருத்து இதற்கு நேர்மாறானது. அந்த ஐந்து போர்களில் ஒன்றிலும், இரு தரப்பிலும், ஒரு பெரும் போர்க்கப்பல்கூட மூழ்கவில்லை. ஒன்றுகூட எதிரியிடம் பிடிபடவில்லை. ஆனாலும் வெற்றி தோல்வி இருந்தது, அதன் விளைவுகள் பெரிதாக இருந்தன. போர் முடிந்த பிறகு எவருடைய கப்பல்கள் கரைக்கு எதிரே நங்கூரமிட்டு நின்றன, எவருக்குத் தண்ணீரும் அரிசியும் மரமும் ஆளும் கிடைத்தன என்பதைக் கொண்டே அது முடிவாயிற்று. இதை அக்காலத் தளபதிகளில் எவரையும்விடத் தெளிவாக அறிந்திருந்தவர் சுஃப்ரென். அவருடைய பெருமையை இந்தக் கரை இல்லாமல் விளக்க முடியாது. ஆகவே அவர் வரலாறு நம் மாவட்ட வரலாற்றின் ஒரு பகுதி.

1. இருமுறை சிறைப்பட்டவர்

அவருடைய முற்பகுதி வாழ்வை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1729 ஜூலை 17 அன்று தென் பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில், சேன் கானா என்ற ஊரில் பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். மூத்த மகன் அல்லர். குடும்பச் சொத்து அவருக்கு வராது. அப்படிப்பட்ட பிள்ளைகள் போன வழியில் அவரும் போனார். 1743இல் கடற்படையில் சேர்ந்தார். மால்ட்டாத் தீவின் வீரத்துறவியர் சபையிலும் உறுப்பினரானார். பிற்காலத்தில் அவர் பெயருக்கு முன்னே வந்த 'பாயி' என்ற பட்டம் அந்தச் சபை தந்தது.

தூலோன் போரில் இருந்தபோது அவருக்கு வயது பதினான்கு. 1747இலும் 1759இலும் அவர் இருந்த கப்பல்கள் ஆங்கிலேயரிடம் விழ, இருமுறையும் சிறைப்பட்டார். அமெரிக்க விடுதலைப் போரின்போது தெஸ்தேன் என்ற தளபதியின் கீழ் மேற்கிந்தியத் தீவுகளில் பணியாற்றினார். எதிரியை விரட்டாமல் தூரத்தில் நின்று சண்டையிட்டுத் திரும்பும் பழக்கம் அங்கே அவருக்கு ஆற்றாமையைத் தந்தது. தன் மேலதிகாரியிடமே அதைச் சொன்னார். சினந்து ஒதுக்கியிருக்க வேண்டிய மேலதிகாரி, தனி அணி ஒன்றை நடத்தத் தகுந்தவர் என்று இவரையே பரிந்துரைத்தார்.

1781 மார்ச் 22 அன்று ஐந்து பெரும் போர்க்கப்பல்களோடு பிரெஸ்டிலிருந்து புறப்பட்டார். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே வெர்தே முனைத் தீவுகளில், போர்த்துக்கீசியருடைய பிரையாத் துறையில், நன்னம்பிக்கை முனையைப் பிடிக்கப் போய்க்கொண்டிருந்த ஆங்கிலேய அணி நங்கூரமிட்டிருந்தது. ஏப்ரல் 16 அன்று தன் மற்றக் கப்பல்கள் வந்து சேரும்வரை காத்திராமல் உள்ளே புகுந்து தாக்கினார். போர் குழப்பமாகவே முடிந்தது. ஆனால் ஆங்கிலேயருக்கு முன்னால் அவர் நன்னம்பிக்கை முனையை அடைந்துவிட்டார். டச்சுக்காரருடைய அந்தத் துறை காப்பாற்றப்பட்டது. எவர் முதலில் கரை சேர்ந்தார் என்பதே அங்கும் கணக்கு.

2. தோர்வ் விட்டுச் சென்ற நாள்

சுஃப்ரெனைப் புரிந்துகொள்ள, அவர் வருவதற்கு ஓர் ஆண்டு முன்பு இதே கடலூர்த் துறையில் நடந்ததைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் ஆங்கிலேயரின் வரலாறு வேறு திசையில் திரும்பியிருக்கக்கூடிய நாட்களில் ஒன்று என்றே அதை எண்ணுகிறேன்.

1780இல் மைசூரின் ஹைதர் அலி இந்தக் கரைசார்ந்த கர்நாடகப் பகுதிக்குள் பெரும்படையோடு இறங்கினார். 1781 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினிப் படையின் தலைவர் சர் அயர் கூட் கடலூரில் வந்து தங்கினார். ஹைதரின் குதிரைப்படை சுற்றிலும் நிலத்தை வளைத்திருந்தது. வயலில் நெல் இல்லை, வண்டிக்கு மாடு இல்லை. கூட்டின் படைக்குச் சோறு வர ஒரே வழி சென்னையிலிருந்து வரும் கப்பல்கள். அந்த நேரத்தில் ஆங்கிலேயக் கடற்படையோ பம்பாயில் இருந்தது. கடலூருக்கு எதிரே நின்றதெல்லாம் தோர்வ் பிரபுவின் பிரெஞ்சுக் கப்பலணி மட்டுமே.

அவர் செய்ய வேண்டியதெல்லாம் அங்கேயே நிற்பதுதான். ஒரு பீரங்கியும் வெடிக்க வேண்டியதில்லை. உணவுக் கப்பல்களை மறித்து நின்றால் கூட்டின் படை பட்டினியில் பணிந்திருக்கும். ஹைதர் அவரை வேண்டிக் கேட்டுக்கொண்டார். தண்ணீரும் உணவும் குறைகின்றன என்று காரணம் சொல்லி, தோர்வ் பிப்ரவரி 15 அன்று பாய் விரித்து மொரீஷியசுக்குத் திரும்பிவிட்டார். அந்தத் தீவை அப்போது பிரெஞ்சுத் தீவு என்று அழைத்தார்கள். இங்கிருந்து நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல். கூட்டின் படை பிழைத்தது. ஜூன் 18 அன்று, ஹைதர் அரண் செய்து வைத்திருந்த சிதம்பரம் கோயிலை அது தாக்கித் தோற்றாலும், ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டைக்கு அருகே ஹைதரையே வென்றது.

பிரெஞ்சுத் தளபதிகளிடம் இது பழைய வழக்கம். 1758 ஏப்ரலில் இதே கடலூர்க் கடலில் போரிட்ட தாஷே, அடுத்த ஆண்டு பிரெஞ்சுத் தரைப்படைத் தலைவர் லாலியைப் புதுச்சேரியில் தனியே விட்டுவிட்டு மொரீஷியசுக்குப் போனார். 1761இல் புதுச்சேரி விழுந்தது. தேவனாம்பட்டினத்தின் புனித டேவிட் கோட்டையை 1758 ஜூனில் பிடித்து இடித்துத் தள்ளிய அதே லாலிதான் பிறகு உதவிக்குக் கப்பல் இன்றிச் சரணடைந்தார். நிலத்தில் பிடித்ததைக் கடல் காக்கவில்லை.

தோர்வ் மீண்டும் இந்தியாவுக்கு வரும் வழியில், 1782 பிப்ரவரி 9 அன்று இறந்தார். தலைமை சுஃப்ரெனுக்கு வந்தது.

3. துறைமுகம் இல்லாத படை

புதிய தளபதியின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். எதிரே ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி சர் எட்வர்ட் ஹியூஸ். இந்தக் கடலைப் பல்லாண்டு அறிந்தவர், நிதானமானவர், எளிதில் நிலைகுலையாதவர். சென்னையின் களஞ்சியங்கள் அவருக்குப் பின்னால். கப்பலைக் கரையேற்றிச் செப்பனிடப் பம்பாயில் உலர்துறை. டச்சுக்காரரிடமிருந்து 1781 நவம்பரில் நாகப்பட்டினத்தையும் 1782 ஜனவரியில் திருகோணமலையையும் அவர் ஏற்கெனவே பிடித்துக்கொண்டார். சுஃப்ரெனுக்கு இந்தியக் கரையில் ஒரு துறையும் இல்லை. புதுச்சேரி 1778லேயே ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்தது.

பிப்ரவரி 17 அன்று சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே முதல் போர். அது முடிந்ததும் பரங்கிப்பேட்டைக்கு வந்து தன்னோடு வந்த படையை இறக்கினார். அந்தப் படையும் ஹைதரின் படையும் சேர்ந்து ஏப்ரல் தொடக்கத்தில் கடலூரைப் பிடித்தன. இனி அவருக்கு நங்கூரம் போட ஓர் இடம் உண்டு.

எப்படிப்பட்ட இடம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கெடிலமும் உப்பனாறும் கடலைச் சேரும் முகத்துவாரத்தில் மணல் திட்டு. பெரிய கப்பல் உள்ளே வர ஆழம் இல்லை. நம் காலத்திலும் பெரிய கப்பல்கள் வெளிக்கடலில் நின்றுகொள்ள, சரக்கு பார்ஜில் ஏறி உப்பனாற்றுக்குள் வந்தது. அன்று அந்த வேலையைச் செய்தவை மசூலாப் படகுகள். ஆணி இல்லாமல், பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு. அலை உடையும் இடத்தில் மோதினாலும் வளைந்து கொடுக்கும், பிளக்காது. ஐரோப்பியப் படகுகள் அந்த அலையில் நொறுங்கும். சோனங்குப்பம், அக்கரைக்கோரி, சிங்காரத்தோப்பு மீனவர்களின் முன்னோர் போன்ற கடற்கரைக் குடிகளின் துடுப்பு இல்லாமல், ஒரு பீப்பாய்த் தண்ணீர்கூட சுஃப்ரெனின் கப்பலுக்கு ஏறியிருக்காது.

ஏப்ரல் 12 அன்று இலங்கையின் கிழக்குக் கரையருகே இரண்டாம் போர். ஜூலை 6 அன்று நாகப்பட்டினத்துக்கு எதிரே மூன்றாம் போர். அந்த மூன்றாம் போரில் பிரெஞ்சுக் கப்பல் செவேரின் தலைவர் பயந்து கொடியை இறக்கிவிட்டார். கீழதிகாரிகள் மறுத்து மீண்டும் கொடியேற்றிச் சண்டையைத் தொடர்ந்தார்கள். போர் முடிந்ததும் இவரையும் இன்னும் சில கப்பல் தலைவர்களையும் சுஃப்ரென் பதவியிலிருந்து இறக்கித் திருப்பி அனுப்பினார். தளபதி முன்னே பாய்வதும் பின்னால் வரவேண்டியவர்கள் தயங்கி நிற்பதும் ஐந்து போர்களிலும் கிட்டத்தட்ட ஒரே கதை. அதை விரிவாகச் சொல்லும் நூல்கள் பல உள்ளன. எனக்கு முக்கியமாகப் படுவது போருக்குப் பிறகு நடந்தது.

பாய்மரங்கள் முறிந்த கப்பல்களோடு அவர் கடலூர்த் துறைக்கு வந்தார். இங்கே கப்பல் பட்டறை இல்லை, உதிரி மரம் இல்லை, வடம் இல்லை. சிறிய கப்பல்களின் பாய்மரங்களைக் கழற்றிப் பெரிய கப்பல்களில் நட்டார். ஆகஸ்ட் 1 அன்று, அதாவது போர் நடந்து நான்கு வாரத்துக்குள், அவருடைய படை கடலூரிலிருந்து புறப்பட்டுவிட்டது. எல்லா வசதியும் உள்ள சென்னையில் செப்பனிட்ட ஹியூஸ் ஆகஸ்ட் 20 அன்றுதான் கிளம்பினார். அந்த இடைவெளியில் திருகோணமலை கைமாறியது. ஆகஸ்ட் இறுதியில் சுஃப்ரென் அதன் கோட்டைகளைப் பிடித்தார். செப்டம்பர் 2 இரவு ஹியூஸ் வந்து பார்த்தபோது அங்கே பிரெஞ்சுக் கொடி பறந்தது. மறுநாள் நடந்த நான்காம் போரில் சுஃப்ரெனின் கப்பல்கள் கடுமையாக அடிபட்டன. துறைமுகம் மட்டும் அவரிடமே நின்றது. இந்தியப் பெருங்கடலின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றை அவருக்குப் பெற்றுத் தந்தது, பட்டறையே இல்லாத கடலூர்த் துறையில் செய்த அந்தச் செப்பம். அவருடைய போர்த்திறத்துக்கு எனக்குத் தெரிந்த மிகப் பெரிய சான்று இது. பீரங்கிப் புகையில் காட்டிய வீரத்தை இதற்கு அடுத்தபடியாகவே வைப்பேன்.

கடலூரில் தங்கிய அந்த நாட்களில்தான் ஹைதர் அலி அவரைக் காண வந்தார். 1782 ஜூலை 26 அன்று சந்திப்பு. ஹைதர் தோர்வை மறந்திருக்க முடியாது. வருவதாகச் சொல்லி வந்து, தேவைப்பட்ட நேரத்தில் போய்விட்ட தளபதிகளை அவர் பார்த்துச் சலித்தவர். முன்னால் வந்து நின்ற பருத்த உடல்காரர் போகாதவர் என்பதை அவர் உணர்ந்துகொண்டார். அடுத்த வடகிழக்குப் பருவமழை வந்தபோது அது மெய்யாயிற்று. ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கரையில் பாய்க்கப்பல் எதுவும் நிற்க முடியாது. ஹியூஸ் பம்பாய்க்குப் போனார். சுஃப்ரென் மொரீஷியசுக்குப் போகாமல், சுமத்ராவின் அச்சேயில் மழைக்காலத்தைக் கழித்து, 1783 ஜனவரியிலேயே வங்கக் கடலின் மேற்குக் கரைக்குத் திரும்பிவிட்டார். அங்கே அவரை எதிர்கொண்ட செய்தி, 1782 டிசம்பர் 7 அன்று ஹைதர் இறந்துவிட்டார் என்பது.

4. 1783 ஜூன்: பதினேழு நாட்கள்

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1783 மார்ச்சில் முதிய தளபதி புஸ்ஸி புதிய படையோடு பரங்கிப்பேட்டையில் இறங்கிக் கடலூருக்கு வந்தார். முப்பது ஆண்டுக்கு முன் ஐதராபாத்தில் நிஜாம்களையே ஆட்டிப்படைத்தவர். இப்போது கீல்வாதத்தால் தளர்ந்திருந்தார். ஹைதரின் மகன் திப்பு மேற்குக் கரைக்குப் போய்விட்டதால் மைசூரின் பெரும்படை அவருக்குத் துணையில்லை. சென்னையிலிருந்து ஜெனரல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட், கூட்டுக்குப் பதிலாகத் தலைமையேற்று, மெதுவாக நடந்து வந்து ஜூன் முதல் வாரத்தில் கடலூரை அடைந்தார். நகரைச் சுற்றிக்கொண்டு தென்புறம் போய்ப் பாளையமிட்டார். இடப்பக்கம் கேப்பர் மலை, வலப்பக்கம் கடல். அந்த வலப்பக்கத்தில்தான் அவருடைய உயிர் இருந்தது. அவர் படைக்கு வேண்டிய உணவும் வெடிமருந்தும் கப்பலில் வந்தன. அவற்றைக் காக்க ஹியூஸ் 18 பெரும் போர்க்கப்பல்களோடு தெற்கே நின்றார்.

ஜூன் 13 காலையில் ஸ்டூவர்ட் தாக்கினார். பகல் முழுதும் சண்டை. ஆங்கிலேயத் தரப்பில் இறந்தவரும் காயம்பட்டவரும் ஆயிரத்தை நெருங்கினர். வெளி அரண்களை இழந்த புஸ்ஸி இரவோடு இரவாக நகர மதிலுக்குள் ஒதுங்கினார். மறுமுறை தாக்கினால் ஊர் வீழும் என்ற நிலை.

அதே நாளில் திருகோணமலையிலிருந்து சுஃப்ரென் வந்து சேர்ந்தார். அவரிடம் 15 பெரும் போர்க்கப்பல்கள். பல கசிந்தன, எல்லாவற்றிலும் ஆள் குறைவு. அடுத்த மூன்று நான்கு நாட்கள் இரு படைகளும் காற்றுக்காகக் காத்துச் சுற்றிச் சுற்றி வந்தன. ஹியூஸ் போருக்கு ஏற்ற நிலை தேடிக் கடலுக்குள் நகர்ந்தார். ஜூன் 17 அன்று சுஃப்ரென் கடலூருக்கு எதிரே நங்கூரம் போட்டார். ஒரு குண்டும் வெடிக்காமல், ஹியூஸ் காக்க வந்த இடத்தில் அவர் நின்றுவிட்டார். என் பார்வையில் கடலூர்ப் போர் அன்றைக்கே பாதி முடிந்துவிட்டது.

அன்றிரவு கரையிலிருந்து 1200 பேரைக் கப்பல்களுக்கு ஏற்றினார்கள். 600 பேர் ஐரோப்பியச் சிப்பாய்கள், 600 பேர் இந்நாட்டுச் சிப்பாய்கள். முற்றுகையிடப்பட்ட ஓர் ஊர், தன் மதிலைக் காக்கும் ஆட்களைக் கழற்றிக் கடலுக்கு அனுப்புகிறது என்றால், அதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! கடல் போனால் மதிலும் போகும் என்று புஸ்ஸிக்கும் புரிந்திருந்தது. நிலத்தில் போரிடச் சம்பளம் வாங்கிய அந்த 600 நம்மவர்கள் பீரங்கித் தட்டில் போய் நின்றார்கள்.

ஜூன் 20. மேற்கிலிருந்து காற்று, நம் கடலோரத்தார் கச்சான் என்பது. மேல்காற்று என்றால் கரைப்பக்கம் இருப்பவருக்கே முன்னுரிமை. நினைத்தபோது எதிரி மேல் இறங்கலாம். சுஃப்ரென் கரைப்பக்கம் இருந்தார். பிற்பகல் நான்கு மணிக்குத் தொடங்கி இருட்டும்வரை இரு வரிசைகளும் மிக நெருக்கத்தில் சுட்டுக்கொண்டன. போர் நடக்கும்போது தளபதி சிறிய கப்பலில் இருந்து ஆணையிட வேண்டும் என்று பாரீசிலிருந்து புதிய உத்தரவு வந்திருந்தது. முந்திய ஆண்டு மேற்கிந்தியக் கடலில் தெ கிராஸ் தன் கப்பலோடு பிடிபட்டதன் விளைவு அது. எப்போதும் தன் ஏரோஸ் கப்பலோடு நடுவில் பாய்கிறவர் அன்று கிளியோபாத்ரா என்ற சிறு கப்பலில் நின்று வரிசையை நடத்தினார். ஆங்கிலேயரில் 99 பேர் இறந்தனர், 434 பேர் காயமடைந்தனர். பிரெஞ்சுத் தரப்பில் 102 பேர் இறந்தனர், 386 பேர் காயமடைந்தனர். இழந்த கப்பல் எதுவும் இல்லை.

இந்த எண்களை மட்டும் பார்த்தால் வெற்றி தோல்வி இல்லாத போர். கரையிலிருந்து பாருங்கள். ஹியூசின் கப்பல்களில் குடிநீர் தீர்ந்துகொண்டிருந்தது; மாலுமிகள் நூற்றுக்கணக்கில் ஸ்கர்வி நோயில் படுத்திருந்தார்கள். பச்சைக் காய்கறியும் பழமும் கிடைக்காத நீண்ட கடல்வாழ்வில் ஈறு அழுகி, பழைய புண்கள் மீண்டும் திறந்து சாகும் நோய் அது. தண்ணீர் எடுக்க வேண்டிய கரை சுஃப்ரெனின் கையில். ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். ஜூன் 23 அன்று சுஃப்ரென் மீண்டும் கடலூருக்கு எதிரே நங்கூரமிட்டார். எடுத்துச் சென்ற 1200 பேரையும் தன் கப்பல் ஆட்களில் இன்னொரு 1200 பேரையும் கரையில் இறக்கினார். முற்றுகையிட வந்த ஸ்டூவர்ட், முன்னே மதிலும் பின்னே வெறும் நிலமும் பக்கத்தில் எதிரியின் கடலுமாக, தானே முற்றுகைக்கு உள்ளானவர் போல ஆனார். 1781இல் தோர்வ் செய்யத் தவறியதைச் சுஃப்ரென் அதே துறையில் செய்து காட்டினார்.

ஜூன் 25 விடியுமுன் பிரெஞ்சுப் படை வெளியே பாய்ந்து தாக்கித் தோற்றுத் திரும்பியது. அந்தச் சண்டையில் பிடிபட்ட இளம் சார்ஜண்ட் ஒருவர்தான் பின்னாளில் சுவீடனின் அரசரான பெர்னதோத் என்று ஒரு கதை நெடுநாளாக உலவுகிறது. மாணவர்கள் அதை எங்காவது படித்திருக்கலாம். பெர்னதோத்தின் படைப்பணி விவரங்களோடு அது பொருந்தவில்லை, வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை.

ஜூன் 29 அன்று மீடியா என்ற ஆங்கிலேயக் கப்பல் வெள்ளைக் கொடியோடு வந்தது. ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தி. முதல் உடன்பாடு வெர்சாய் நகரில் கையொப்பமானது 1783 ஜனவரி 20 அன்று. ஜூன் 13, ஜூன் 20, ஜூன் 25 ஆகிய மூன்று நாட்களிலும் கடலூரின் மண்ணிலும் கடலிலும் இறந்த அத்தனை பேரும், போர் முடிந்து ஐந்து மாதம் கழித்து இறந்தவர்கள். கடற்போரில் மட்டும் 201 பேர். செய்தி வர அவ்வளவு நாளாயிற்று. இதைச் சொல்லாமல் அந்தப் போரின் வீரத்தை மட்டும் பேச எனக்கு மனம் ஒப்பவில்லை.

5. கரை கொடுத்த விலை

கரையே போரை நடத்தியது என்றேன். அப்படியானால் கரையில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்றும் கேட்க வேண்டும்.

சுஃப்ரெனின் கப்பலுக்கு ஏறிய அரிசி, கூட்டின் படை தின்ற அரிசி, ஹைதரின் குதிரைகள் மேய்ந்த பயிர் எல்லாம் ஒரே வயல்களிலிருந்து வந்தவை. எதிரிக்குக் கிடைக்கக் கூடாது என்று ஹைதரின் படை ஊர் ஊராக எரித்தது. மிஞ்சியதைக் கும்பினிப் படை எடுத்துக்கொண்டது. உழவர்கள் காட்டுக்கும் கோட்டைகளுக்கும் ஓடினார்கள். 1782இல் சென்னைப் பகுதியில் பெரும் பஞ்சம். அந்தப் பஞ்சத்தில் அங்கே தொடங்கிய கஞ்சித் தொட்டிதான் மணியக்காரர் சத்திரமாகி, இன்றைய ஸ்டான்லி மருத்துவமனைக்கு வேரானது. ஐந்து போர்களைப் பற்றி எழுதிய ஐரோப்பிய நூல்களில் ஒவ்வொரு கப்பலின் பீரங்கி எண்ணிக்கையும் இருக்கும். கடலூரைச் சுற்றியிருந்த உழவர்களுக்கு அவற்றில் ஒரு பத்திகூட இராது.

சுஃப்ரெனின் பெயரில் படிந்த கறை ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவருடைய கப்பல்களில் ஆங்கிலேயக் கைதிகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்திருந்தார்கள். கைதிகளை மாற்றிக்கொள்ளலாம் என்று சென்னையோடு பேசிப் பார்த்தார், அது நிறைவேறவில்லை. வைத்துச் சோறு போட அவரிடம் பாதுகாப்பான ஒரு துறைமுகமோ கோட்டையோ இல்லை. 1782 ஆகஸ்டில் அவர்களைக் கடலூரில் ஹைதரின் ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டார். ஹானிபால் என்ற ஆங்கிலேயக் கப்பலில் பிடிபட்ட ஜேம்ஸ் ஸ்கரி என்ற சிறுவனும் அவர்களில் ஒருவன். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு நடத்திச் செல்லப்பட்டு, அங்கிருந்து மைசூர் நாட்டுக்குள் கொண்டுபோகப்பட்டு, பத்தாண்டுச் சிறைவாழ்வுக்குப் பின் தப்பினான். அவன் நினைவுக் குறிப்புகள் 1824இல் நூலாக வந்தன. கைதிகளைத் தன் நட்பரசனிடம் கொடுத்ததற்காக இங்கிலாந்தில் சுஃப்ரெனை வெகுநாள் தூற்றினார்கள். அவருக்கு வேறு வழி இருந்ததா என்றால், நல்ல வழி இருக்கவில்லை என்பேன். ஆனால் தெரிந்தே செய்தார். துறைமுகம் இல்லாத படை, பாய்மரத்தை மட்டுமா கழற்றியது, தன் பொறுப்பிலிருந்த மனிதர்களையும் கழற்றிவிட்டது. அவரை மதிக்கிற நாம் இதையும் அவர் கணக்கில் எழுத வேண்டும்.

6. பேச்சுமேசையில் போனது, கடலில் இருப்பது

1783 அக்டோபர் 6 அன்று சுஃப்ரென் திருகோணமலையை விட்டுப் புறப்பட்டார். வழியில் நன்னம்பிக்கை முனையில் நின்றபோது, அதே கடலில் அவரோடு போரிட்டு நாடு திரும்பிக்கொண்டிருந்த ஆங்கிலேயக் கப்பல் தலைவர்கள் அவர் கப்பலுக்கே வந்து மரியாதை செலுத்தினார்கள். 1784 மார்ச் 26 அன்று தூலோன் சேர்ந்தார். அரசர் அவருக்காகவே துணைக் கடற்படைத் தலைவர் பதவி ஒன்றைப் புதிதாக ஏற்படுத்தினார். 1788 டிசம்பர் 8 அன்று பாரீசில் இறந்தார். பிரெஞ்சுப் புரட்சி தொடங்க இன்னும் ஏழு மாதம் இருந்தது. புஸ்ஸி அதற்கு முன்பே, 1785 ஜனவரியில், புதுச்சேரியில் இறந்து அங்கேயே அடக்கமானார்.

அவர் காத்த கரை என்ன ஆயிற்று? 1783 செப்டம்பர் 3 அன்று கையொப்பமான உடன்படிக்கையில் பிரான்சுக்குப் புதுச்சேரியும் காரைக்காலும் சிறிது கூடுதல் நிலத்தோடு திரும்பக் கிடைத்தன. திருகோணமலை டச்சுக்காரருக்கு. கடலூர் மீண்டும் கும்பினிக்கு. இன்று கடலூரும் புதுச்சேரியும் இரு வேறு ஆட்சிப் பகுதிகளாக இருப்பதற்கு, அந்த மேசையில் வரைந்த கோடுகளும் ஒரு காரணம். பாகூருக்கும் கடலூருக்கும் இடையே தினமும் பேருந்தில் போய்வருகிறவர்கள் அந்தக் கோட்டைத் தாண்டித்தான் போகிறார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சுஃப்ரெனின் படையில் பிசார் என்ற கப்பல் இருந்தது. 64 பீரங்கிகள்; 1751இல் பிரெஸ்டில் நீரில் இறக்கப்பட்டது. நான்காம் போருக்குப் பிறகு, 1782 அக்டோபரில், கடலூருக்கு அருகே தரைதட்டி உடைந்தது. அந்த உடல் இன்னும் நம் கடலின் மணலுக்குள் கிடக்கக்கூடும். பூம்புகார்க் கடலில் தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் 19 மீட்டர் ஆழத்தில் ஓர் உடைந்த கப்பலைக் கண்டார்கள். அதிலிருந்த ஈயப் பாளங்களில் 1791, 1792 என்று ஆண்டுகள் பொறித்திருந்தன. அங்கே முடிந்தது இங்கே முடியாதா? வலை எங்கே கிழிகிறது, அடியில் எங்கே 'பார்' என்னும் பாறைத்திட்டு இருக்கிறது என்று நம் மீனவர்களுக்குத் தெரியும். முதலில் அவர்களிடம் கேட்டு, அந்த இடங்களை ஒரு வரைபடத்தில் குறிக்க வேண்டும். பிறகு பிரெஞ்சுக் கடற்படை ஆவணங்களில் அந்த அக்டோபர் வாரத்துக் கப்பல் நாட்குறிப்புகளைப் பார்க்க வேண்டும். வரைபட வேலையைக் கடலூர்க் கல்லூரி மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் தொடங்கிவிடலாம். ஆவணங்களைப் படிக்கப் புதுச்சேரியில் பிரெஞ்சு அறிந்த ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். தொல்லியல் துறைக்கும் கடலாய்வு நிறுவனத்துக்கும் எழுத வேண்டிய முதல் கடிதம் இந்த அறக்கட்டளையின் பெயரிலேயே போகட்டும். அதற்கான வரைவை அவைத்தலைவரிடம் இப்போதே கொடுத்துவிட்டு அமர்கிறேன்.